மலை ஜீப்பின் பழைய பெட்ரோல் எஞ்சினை மாற்றலாமா, வைத்துக்கொள்ளலாமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் எஸ்டேட் ஷெட்டுகளில் பழைய மஹிந்திரா-வில்லிஸ் ஜீப்புகள் இன்னும் நிற்கின்றன. உயரமான பானெட் கொண்ட சிஜே-3பி வகைதான் அதிகம். அதில் வந்த 'ஹரிக்கேன்' எஃப்-134 பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் போடலாமா என்பதே இங்கே பேச்சு. அம்பாசிடர், ஃபியட் வைத்திருப்பவர்களுக்கும் சட்டம், சோதனை பற்றிய பகுதிகள் பொருந்தும். அளவுகள் மட்டும் வேறு.

அந்த எஞ்சினில் அப்படி என்ன இருக்கிறது?

2199 சிசி, நான்கு சிலிண்டர். போர் (சிலிண்டரின் விட்டம்) 79.4 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 111 மில்லிமீட்டர். போரைவிட ஸ்ட்ரோக் இவ்வளவு நீளமாக இருப்பதால் வேகமாகச் சுற்றப் பிடிக்காது. மெதுவாகச் சுற்றிக்கொண்டே இழுக்கும். இன்டேக் வால்வு ஹெட்டில், எக்ஸ்ஹாஸ்ட் வால்வு பிளாக்கில். இந்த அமைப்பால் எஞ்சின் உயரம் கூடியது, அதற்காகவே வில்லிஸ் 1953-இல் பானெட்டை உயர்த்தியது. தயாரிப்பாளர் கணக்கில் 4000 ஆர்பிஎம்மில் 75 குதிரைத்திறன், 2000 ஆர்பிஎம்மில் 155 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்று விசை).

மேட்டில் திணறுகிறது. எஞ்சின் பவர் போதவில்லை என்றுதானே அர்த்தம்?

பெரும்பாலும் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜீப் ஏறக்குறைய ஒரு டன். நான்கு பேரும் கொஞ்சம் சாமானும் சேர்ந்தால் 1350 கிலோ. 12 அடிக்கு ஓர் அடி ஏறும் மேட்டில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போக, சக்கரத்தில் தேவைப்படுவது 15 குதிரைத்திறன். கியர் பெட்டி, ஆக்சில் தின்பதைச் சேர்த்தால் 19 வரும்.

இனி கியரைப் பாருங்கள். இந்த ஜீப்பின் டி-90 கியர் பெட்டியில் இரண்டாம் கியரின் விகிதம் 1.55, ஆக்சிலின் விகிதம் 5.38, டயர் 6.00-16. இந்தக் கூட்டில் எஞ்சின் 2000 ஆர்பிஎம் சுற்றினால் வண்டி 32 கிலோமீட்டர் வேகத்தில் போகும். டார்க் உச்சமாக இருப்பதும் அந்த 2000-த்தில்தான். ஊட்டி உயரத்தின் இழப்பைக் கழித்தாலும் அங்கே 34 குதிரைத்திறன் மிச்சம் இருக்கிறது. 19 வேண்டிய இடத்தில் 34. சரியாக இருக்கும் ஜீப் குன்னூர் மலைப்பாதையை இரண்டாம் கியரில் ஏறியாக வேண்டும். ஏறவில்லையென்றால் எஞ்சின் சின்னது என்று பொருளில்லை, அதற்கு உடம்பு சரியில்லை.

டார் ரோட்டில் 80-க்கு மேல் அடித்துப் போக வேண்டும் என்பது உங்கள் ஆசையாக இருந்தால் அது வேறு விஷயம். டாப் கியரில் 1000 ஆர்பிஎம்முக்கு 25 கிலோமீட்டர்தான் கிடைக்கும், எந்த எஞ்சினைப் போட்டாலும். ஆக்சிலை மாற்றாமல் அந்த ஆசை தீராது.

உயரத்தில் எல்லா எஞ்சினும் இளைக்கும் என்கிறார்களே?

உண்மை. மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம், ஊட்டி 2240 மீட்டர். மேலே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 77 சதவீதம். டர்போ இல்லாத எந்த எஞ்சினும், பெட்ரோலோ டீசலோ, ஐந்தில் ஒரு பங்கு பலத்தை மலைக்குக் கொடுத்துவிட்டுத்தான் ஓடும். "டீசல் போட்டால் இளைக்காது" என்பது டர்போ டீசலுக்கு மட்டும் பொருந்தும் பேச்சு.

கார்புரேட்டர் வண்டிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. காற்று மெலிந்தது அதற்குத் தெரியாது, பெட்ரோலைப் பழைய தாராளத்தோடே ஊற்றும். கலவையில் பெட்ரோல் சுமார் 12 சதவீதம் கூடிப்போகும். பிளக் கரி பிடிக்கும், சைலன்சர் முனை கறுக்கும், ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) குலுங்கும். கார்புரேட்டர் கார்ட்டரோ சோலெக்ஸோ, மெயின் ஜெட்டை (பெட்ரோல் வரும் துளையை) ஒன்றிரண்டு சைஸ் குறைத்தால் பாதி 'எஞ்சின் வேலை' அங்கேயே முடிந்துவிடும். கீழே கோவைக்கு அடிக்கடி இறங்குபவர் குறைக்கக் கூடாது. சமவெளியில் கலவை மெலிந்து எக்ஸ்ஹாஸ்ட் வால்வு எரியும். டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) புத்தகப்படி டிடிசிக்கு, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வரும் புள்ளிக்கு, 5 டிகிரி முன்னால். மலையிலேயே ஓடும் வண்டிக்கு இன்னும் 2 டிகிரி முன்னால் தள்ளலாம்.

எஞ்சின் உண்மையிலேயே போய்விட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கழற்றுவதற்கு முன்னால் அரை நாள் சோதனை போதும். கம்ப்ரஷன் கேஜ், வேக்யூம் கேஜ், ஃபீலர் கேஜ், டைமிங் லைட் இருந்தால் சரி.

முதலில் வால்வு இடைவெளி. எஞ்சின் ஆறியிருக்கும்போது இன்டேக் 0.018 அங்குலம், எக்ஸ்ஹாஸ்ட் 0.016. எக்ஸ்ஹாஸ்ட் வால்வு பிளாக்கின் பக்கவாட்டு மூடிக்குள் இருப்பதால் பல மெக்கானிக்குகள் மேலே இருக்கிற இன்டேக்கை மட்டும் செட் பண்ணிவிட்டுப் போய்விடுவார்கள். வருடக்கணக்கில் யாரும் தொடாத எக்ஸ்ஹாஸ்ட் டாப்பெட்டில் இடைவெளியே இல்லாமல் போய், வால்வு முழுதாக மூடாமல், கம்ப்ரஷன் ஒழுகிக்கொண்டிருக்கும். அந்த மூடியைத் திறக்காமல் எஞ்சினைப் பற்றி யார் தீர்ப்புச் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அடுத்து கம்ப்ரஷன். எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்திப் பிடித்து, செல்ஃப் அடித்துப் பாருங்கள். புத்தகத்தில் 120 முதல் 130 பிஎஸ்ஐ என்று இருக்கும். அது சமவெளிக் கணக்கு! ஊட்டியில் அதே நல்ல எஞ்சின் 92 முதல் 100 வரைதான் காட்டும். 95 வருகிறது, எஞ்சின் காலி என்று சொல்லி நல்ல எஞ்சினைக் கழற்றிப் போட்டவர்கள் இந்த மலையில் இருக்கிறார்கள். மொத்த எண்ணைவிட, நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 10 பிஎஸ்ஐக்குள் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் பிளக் ஓட்டையில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்கவும். அளவு ஏறினால் ரிங் அல்லது போர் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கெட்.

வேக்யூம் கேஜிலும் இதே எச்சரிக்கை. கடல் மட்டத்தில் ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் வரும். ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் கழிக்க வேண்டும். ஊட்டியில் 10 முதல் 14 வரை முள் ஆடாமல் நின்றால் நல்லது. ஒரே சீராக விட்டு விட்டு விழுந்தால் ஏதோ ஒரு வால்வு.

ஆயில் பிரஷர் சூட்டில் 2000 ஆர்பிஎம்முக்கு 35 பிஎஸ்ஐ பக்கம் இருக்க வேண்டும். ஐடிலில் 6-க்குக் கீழே போனால் பேரிங்கைப் பார்க்கும் நேரம்.

புகையையும் படிக்கலாம். நீண்ட இறக்கம் இறங்கி வந்து, சமதளத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பின்னால் ஒரு நீலப் புகை கொத்தாக வந்து நின்றுவிட்டால் இன்டேக் வால்வு கைடு தேய்ந்திருக்கிறது. ஏற்றத்தில் விடாமல் நீலம் வந்தால் ரிங். கைடு வேலைக்கு ஹெட் மட்டும் கழன்றால் போதும், ரிங்குக்குப் பிஸ்டனையே வெளியே எடுக்க வேண்டும்.

குன்னூர் ஏறும் வழியில் பர்லியார் வந்ததும் கொதித்து நின்றுவிடுகிறது. டீசல் போட்டால் தீருமா?

கொதிப்பதும் நிற்பதும் இரண்டு தனி நோய்கள். ஒரே இடத்தில் வருவதால் ஒன்றுபோலத் தெரிகின்றன.

கொதிப்புக்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே சேறு அடைத்த ரேடியேட்டர், தளர்ந்த ஃபேன் பெல்ட், பிரஷர் பிடிக்காத மூடி. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். 7 பிஎஸ்ஐ மூடி ஒழுங்காகப் பிடித்தால் 105 வரை தாங்கும். சும்மா மூடியிருக்கிற மூடியால் பயனில்லை. பழைய ரேடியேட்டரில் 7-க்கு மேலான மூடி போட்டால் சால்டரிங் விடும்.

தண்ணீர் கொதிக்காமலே எஞ்சின் விக்கி நின்றால் அது வேப்பர் லாக். பெட்ரோல் பம்ப், குழாய் இரண்டும் சூடாகி உள்ளே பெட்ரோல் ஆவியாகிறது. குழாயை எக்ஸ்ஹாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து விலக்கி ஓட்டுங்கள், கார்புரேட்டருக்கு அடியில் தடித்த பேக்கலைட் ஸ்பேசர் போடுங்கள், பம்புக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே ஒரு தகடு வையுங்கள். பம்பில் ஈரத்துணி சுற்றும் பழைய வைத்தியமும் இதற்குத்தான்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது மட்டும் வேண்டாம். அடிவாரத்துக் கல்லாறில் அது உதவுவதுபோல் தெரியும். மேலே குளிரில் எஞ்சின் சூடே ஏறாது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலோடு கலக்கும். டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கும். ரிங்கும் பேரிங்கும் தேய அதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

சரி, டீசலே போடுவதென்றால் எதைப் போடுவார்கள்? என்னவெல்லாம் மாறும்?

பழக்கத்தில் இருப்பவை மூன்று. மஹிந்திரா டிராக்டர் வழியில் வந்த 2350 சிசி, பிறகு வந்த பெஜோ எக்ஸ்டிபி 2112 சிசி, அதற்கும் பிறகு 2523 சிசி டிஐ. டர்போ வைத்த பிந்தைய எஞ்சின்களையும் சிலர் திணிக்கிறார்கள். டி-90 பெட்டி 155 நியூட்டன் மீட்டருக்காகச் செய்தது. டர்போவின் டார்க்கை மேட்டில் முதல் கியரில் கொடுத்தால் பல் உதிரும். பெட்டியையும் சேர்த்து மாற்றாதவர் டர்போவை மறந்துவிடலாம்.

எஞ்சின் விலை செலவில் பாதிதான். அடாப்டர் பிளேட், புது மவுண்ட், சம்ப் (ஆயில் தொட்டி) முன் ஆக்சிலில் இடிக்காமல் வெட்டி ஒட்டும் வேலை, பெரிய ரேடியேட்டர், புது சைலன்சர் லைன், டாங்குக்கு ரிட்டர்ன் குழாய், வாட்டர் செப்பரேட்டர், பெரிய பேட்டரி, பாரம் தாங்க முன் பட்டை வில்லில் கூடுதல் இலை. மேனிஃபோல்டு வேக்யூமில் ஓடும் பழைய வைப்பர் நின்றுவிடும். பிரேக் பூஸ்டர் இருந்தால் தனி வேக்யூம் பம்ப் வேண்டும்.

தப்பு அதிகம் நடக்கும் இடம் அடாப்டர் பிளேட். கிராங்கின் மையமும் கியர் பெட்டி இன்புட் ஷாஃப்ட்டின் மையமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஃபிளைவீலில் டயல் கேஜை மாட்டிச் சுற்றிப் பார்த்தால் பெல் ஹவுசிங் (கிளட்ச் கூடு) ஓட்டையின் ஆட்டம் 0.005 அங்குலத்துக்குள் நிற்க வேண்டும். கண் மதிப்பில் ஓட்டை போட்டுப் பூட்டினால் முதல் மாதம் ஒன்றும் தெரியாது. பிறகு பைலட் புஷ் தேயும், கிளட்ச் அதிரும், இறக்கத்தில் கியர் தானாக வெளியே குதிக்கும். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் அது எங்கே குதிக்க வேண்டும் என்று நீங்கள் தீர்மானிக்க முடியாது.

இறக்கத்தைப் பற்றி இன்னொன்று. பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலரேட்டரை விட்டதும் திராட்டில் மூடி, எஞ்சின் வண்டியைப் பிடித்து இழுக்கும். திராட்டில் இல்லாத டீசல் அந்த அளவுக்குப் பிடிக்காது, பாரமும் கூடுதல். மீதி வேலை 9 அங்குல டிரம் பிரேக்கின் தலையில் விழும். பிரேக்கைத் தொடாமல் எஞ்சினை மட்டும் மாற்றித் தரும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. பதிவுச் சான்றில் (ஆர்சி) உள்ள விவரம் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதையே உறுதிப்படுத்தியது. எரிபொருளை மாற்ற, அங்கீகரிக்கப்பட்ட கன்வர்ஷன் கிட்டுக்கு மட்டும் சட்டத்தில் இடம் உண்டு. எங்கிருந்தோ வந்த டீசல் எஞ்சினை இறக்கிவிட்டு ஆர்டிஓவிடம் போனால் அது கிட் ஆகாது.

அதே மேக், அதே வகை எஞ்சின் போடுவதற்கும் முன் அனுமதி வாங்கி, புது எஞ்சின் எண்ணை ஆர்சியில் ஏற்ற வேண்டும். எஞ்சினை விற்றவரின் ரசீதும், அது வந்த வண்டியின் காகிதமும் இல்லாமல் புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவராதீர்கள். திருட்டு எஞ்சின் எண்ணாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். ஆர்சியில் பெட்ரோல், பானெட்டுக்குள் டீசல் என்றால் எஃப்சி (தகுதிச் சான்று) புதுப்பிப்பில் மாட்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் அதுவே முதல் கேள்வி.

பல வருடம் முன்பே டீசலாக மாறி, ஆர்சியிலும் டீசல் என்றே ஏறிய ஜீப்புகள் மலையில் நிறைய உண்டு. அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. வாங்கும்போது பிளாக்கில் குத்தியிருக்கும் எண்ணை ஆர்சியோடு ஒத்துப் பாருங்கள்.

50 வயதான ஜீப்பை விண்டேஜாகப் பதியலாமா?

2021 ஜூலை விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, வியாபாரத்துக்கு ஓடாத வண்டியைப் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றும் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். டீசல் போட்ட நாளே அந்தக் கதவு மூடிவிடும்.

ஆனால் விண்டேஜ் எண் வாங்கிய வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, அவற்றுக்குப் போய்வருவது, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது என்ற அளவோடு சரி. தினமும் எஸ்டேட்டுக்குப் போகும் ஜீப்பாக இருந்தால் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டு போங்கள்.

பழைய எஞ்சினையே முழு வேலை பார்ப்பதென்றால் கவனிக்க வேண்டியவை?

ஹெட்டைக் கழற்றும்போதே முதல் கண்ணி. கார்புரேட்டருக்கு அடியில், இன்டேக் துவாரத்துக்குள் ஒரு ஹெட் போல்ட் ஒளிந்திருக்கும். அதை எடுக்காமல் ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினால் ஹெட் வெடிக்கும். இதில் இன்டேக் மேனிஃபோல்டும் ஹெட்டோடு சேர்ந்த வார்ப்பு என்பதால் மாற்று ஹெட் தேடி அலைய வேண்டியிருக்கும்.

போரின் மேல் பகுதியையும் கீழ்ப் பகுதியையும் அளந்து, வித்தியாசம் 0.005 அங்குலத்தைத் தாண்டினால் ரீபோர் (சிலிண்டரைப் பெரிதாகக் கடைவது). ஓவர்சைஸ் பிஸ்டன் 0.040 வரை. அதையும் முன்பே போட்டுத் தீர்த்த பிளாக்காக இருந்தால் ஸ்லீவ் (உள்குழல்) போட்டு ஸ்டாண்டர்டுக்குக் கொண்டுவரலாம். பிஸ்டன் கைக்கு வந்த பிறகுதான் போர் போட வேண்டும், பிஸ்டனை அளந்து அதற்கேற்ப. கோவை லேத்துகளில் நல்ல வேலை நடக்கும். அவசரப்படுத்தினால் மட்டும் நடக்காது.

எக்ஸ்ஹாஸ்ட் சீட்டுகளுக்கு நடுவே பிளாக்கில் விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட் போடச் சொல்லுங்கள், வேறு எந்த வேலைக்கும் முன்னால். விரிசல் உள்ள பிளாக்குக்கு ரீபோர் காசு தண்டம். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நின்றுபோனதால் சீட்டை மாற்றும்போது கடின உலோக இன்செர்ட்டே கேளுங்கள்.

கேம் கியர் ஃபைபரில் இருந்தால் பல்லை விரல் நகத்தால் கீறிப் பாருங்கள். உதிர்ந்தால் இப்போதே மாற்றுங்கள். ராக்கர் ஷாஃப்ட்டின் ஆயில் ஓட்டையைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யாமல் பூட்டினால் புது ராக்கரும் தேயும். ஹெட் போல்ட் 60 முதல் 70 அடி-பவுண்டு, மெயின் பேரிங் 65 முதல் 75, கன்ராட் 35 முதல் 45. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2.

அப்படியானால் எப்போது மாற்றுவதுதான் சரி?

பிளாக் பக்கவாட்டில் உடைந்து கன்ராட் வெளியே வந்திருந்தால். எக்ஸ்ஹாஸ்ட் சீட் விரிசல் வாட்டர் ஜாக்கெட் வரை போய், தையல் போட முடியாது என்று லேத்காரர் சொன்னால். அப்போதும் முதலில் தேட வேண்டியது இன்னொரு எஃப்-134 பிளாக். ரோட்டுக்கே வராமல் எஸ்டேட்டுக்குள் மட்டும் தழைச்சுமை இழுக்கும், எண்ணும் ஆர்சியும் செத்துப்போன ஜீப் என்றால் டீசல் போட்டு உழைக்க வையுங்கள், அதில் நஷ்டமில்லை.

இ-20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் கெடுக்குமா?

கெடுக்கும், பாதுகாத்தால் சமாளிக்கலாம். பம்ப் டயாஃப்ரமும் ரப்பர் ஹோஸும் எத்தனால் தாங்கும் வகையாக மாற வேண்டும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஜூனில் தொடங்கி மாதக்கணக்கில் பனிமூட்டம் தங்கும் ஊரில் அரை டாங்கோடு வண்டியை நிறுத்தினால் அடியில் தண்ணீர் பிரிந்து டாங்கு துருப்பிடிக்கும். நிறுத்தினால் முழு டாங்கு, இல்லையேல் காலி டாங்கு. எத்தனால் கலவையை மெலியவைக்கும் என்பதால் ஜெட் குறைத்தவர்கள் பிளக் நிறத்தை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்: பழுப்பு சரி, வெள்ளை ஆபத்து.

எஞ்சினைத் தொடாமல் என்ன முன்னேற்றம் செய்யலாம்?

பாயிண்டுக்குப் பதில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே அடங்கும் எலெக்ட்ரானிக் இக்னிஷன், 6 வோல்ட் வண்டியாக இருந்தால் 12 வோல்ட். எல்லாவற்றுக்கும் முன்னால் இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர். அசலில் ஒரே சர்க்யூட்தான், ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரமும் பிரேக் இழக்கும். கழற்றிய அசல் பாகங்களைப் பேர் எழுதிப் பெட்டியில் போட்டு வையுங்கள்.

கேஸ் கிட்?

இந்த ஜீப்புக்கு வேண்டாம். கேஸ் சிலிண்டரைப் பாதுகாப்பாக வைக்க இடமே இல்லை.

எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும். கழற்றிய எஞ்சினை என்ன செய்வது?

பழைய இரும்பு விலைக்குப் போடாதீர்கள். ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றுங்கள். பிளாக்கில் தண்ணீர் சொட்டுக்கூட நிற்கக் கூடாது. தலைகுந்தா பக்கம் உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் நிற்கிற தண்ணீர் உறைந்தால் பிளாக் பிளக்கும். ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் ஒரு மேசைக்கரண்டி ஆயில் விட்டுக் கையால் இரண்டு சுற்று சுற்றி, பழைய பிளக்கைத் திருகி மூடுங்கள். கார்புரேட்டர் வாய், எக்ஸ்ஹாஸ்ட் வாய் இரண்டையும் மரக்கட்டையும் கிரீஸும் வைத்து அடையுங்கள். சிமென்ட் தரையில் வைத்தால் ஓதம் ஏறும், கட்டை அடுக்கி மேலே வையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை கிராங்கைக் கால் சுற்று திருப்புங்கள், ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்கும்படி. இல்லையென்றால் திறந்தே நிற்கும் ஒரே எக்ஸ்ஹாஸ்ட் வால்வு கைடோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும்.